முழு மீனைத் தொட்டுப் பார்த்த பையன்: 'மென்டார்' என்பவர் என்ன செய்கிறார்?

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும், அங்கே நின்று நிதானமாக எதையும் செய்ய முடியாது. பின்னாலிருந்து ஐஸ் வண்டி இடிக்கும், 'வழி, வழி' என்று கூடை வரும், ஏலக் குரல் காதைப் பிளக்கும். அந்த இடத்துக்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிப்போயிருந்தேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். ராயபுரத்துப் பிள்ளை, வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன் குழம்பு. மீன் செவுளால் சுவாசிக்கிறது என்று பரீட்சையில் சொல்லி முழு மதிப்பெண் வாங்கியவன். முந்தின வாரம் பேச்சுவாக்கில் "மீன் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஒரு வட்டம் காட்டினான். குழம்பில் வரும் துண்டு. அவனுக்கு மீன் என்றால் அதுதான்.

அவனிடம் யாரும் பொய் சொல்லவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மீன்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் ஒரு சங்கராவை எடுத்து அவன் கையில் வைத்தார். "புட்ச்சிப் பாரு கண்ணு, முதுகுல மட்டும் முள்ளு, பாத்து." தலையிலிருந்து வாலுக்குத் தடவினான், வழவழவென்று போனது. திருப்பித் தடவினான், சொரசொரத்தது. இரண்டு மூன்று முறை அதையே செய்தான். செவுள் மூடிக்கு அடியில் விரலை விட்டதும் நின்றுவிட்டான். "ண்ணா, இதுக்கு மூடி இருக்கு!" அந்த அம்மா பெரிய வஞ்சிரம் ஒன்றைப் பலகையில் கிடத்தி, அவன் கையைப் பிடித்து அதன் நடுவில் வைத்தார். "இங்க குறுக்கால வெட்னா வர்றதுதான் நீ துன்ற துண்டு." அவன் சிரித்த சிரிப்பை நான் எழுதிக் காட்ட முடியாது.

மென்டார் என்ற வார்த்தையை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தமிழில் வழிகாட்டி என்போம். பார்வையிலோ செவியிலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு வழிகாட்டியாக இருப்பது என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்த மீன் கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

யாரும் சொல்லித்தராமல் கற்பது

இட்லி எப்படி வேகிறது என்று உங்களுக்கு யாராவது பாடம் எடுத்தார்களா? அடுப்படியில் சுற்றிச் சுற்றி வந்தபோது பார்த்தீர்கள். வீட்டு ஓனர் வந்தால் அப்பாவின் குரல் ஏன் மாறுகிறது, எந்த அத்தையிடம் எந்த மாமாவைப் பற்றிப் பேசக் கூடாது, பஸ்ஸில் சில்லறை இல்லாவிட்டால் கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பக்கத்தில் இருந்தே படித்தவை. வடசென்னையில் வீடு சின்னது, அதனால் பாதி வாழ்க்கை வாசலிலும் தெருவிலும் நடக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெருதான் முதல் பள்ளிக்கூடம்.

பார்வை இல்லாத பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தின் பாதிக் கதவு மூடியிருக்கிறது. கை எட்டும் தூரத்துக்கு அப்பால் இருப்பதை யாராவது சொன்னால்தான் உண்டு. காது கேளாத பிள்ளைக்கு மற்றப் பாதி மூடியிருக்கிறது. அவளிடம் நேராகப் பேசினால்தான் பேச்சு; காதில் விழுந்த பேச்சு என்ற ஒன்றே அவளுக்குக் கிடையாது.

இப்படித் தப்பிப்போனதை எடுத்துக் கையில் கொடுப்பதுதான் வழிகாட்டியின் வேலையில் பெரும்பங்கு என்பது என் கட்சி. டியூஷன் வேறு. 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்களே, அது நல்ல வேலை, ஆனால் நான் சொல்வது அதுவல்ல. நோட்டு, பேனா, பிரியாணி வாங்கிக்கொடுத்துப் போட்டோ எடுப்பதும் அல்ல. பேச்சுப் பயிற்சி, வெள்ளைக்கோல் நடைப் பயிற்சி ஆகியவற்றுக்குப் படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள். அதில் நாம் கைவைக்கக் கூடாது. அண்ணன், அக்கா என்று நம் ஊரில் சொல்கிறோமே, கூடப் பிறக்காவிட்டாலும் கூடவே இருப்பவர், அதுதான் பொருத்தமான சொல்.

'அப்புறம் சொல்றேன்'

காது கேளாத பிள்ளைகளிடம் வீட்டில் அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்." எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். அவள் தட்டிக் கேட்பாள். "ஒண்ணுமில்ல." அந்த அப்புறம் வரவே வராது.

இப்படி வழிகாட்டிகளாக இருக்கும் எங்கள் குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். அவரிடம் தண்டையார்பேட்டையிலிருந்து பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். எம்.சி. ரோட்டில் பட்டுப்புடவை எடுக்கக் கூட்டிப்போனபோதுதான் தன் சொந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதே அவளுக்குத் தெரிந்தது. வீட்டில் மூன்று மாதமாக அதே பேச்சு. மறைக்கவில்லை, 'அவளுக்குத் தெரியும்' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எங்கள் குழு அக்கா செய்தது ஒரே ஒரு காரியம்: இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, மாப்பிள்ளை யார், பெண் பார்க்க வந்தது எப்போது, பெரியப்பா ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் எல்லாவற்றையும் கையால் சொன்னார். வம்பு மாதிரித்தான் இருக்கும். ஆனால் குடும்பம் என்பதே பாதி வம்புதானே.

காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சைகை தெரிந்திருக்காது. 'சாப்பிடு', 'வா', 'ஸ்கூல்' என்று இருபது முப்பது வீட்டுச் சைகைகளோடு காலம் ஓடும். அதனால் வழிகாட்டியாக வர விரும்புபவர் இந்திய சைகை மொழியைக் கொஞ்சமாவது கற்றே ஆக வேண்டும். 2015இல் மத்திய அரசு இதற்கென ஓர் ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கியது. அந்த மையம் 2018இல் வெளியிட்ட சைகை அகராதி இன்று பத்தாயிரம் சொற்களைத் தாண்டிவிட்டது, வீடியோவாகவே இலவசமாகக் கிடைக்கிறது.

சைகை மொழி பேச்சுத் தமிழின் கைவடிவம் என்று நினைக்க வேண்டாம். அது தனி மொழி, தனி இலக்கணம். வினைச்சொல்லும் 'என்ன, எங்கே'யும் கடைசியில் வருவதால் வரிசை தமிழுக்குக் கிட்டே இருக்கும், ஆனால் 'ஐ, ஆல், கு' எதுவும் கிடையாது. அதனால்தான் காது கேளாத இளைஞர் வாட்ஸப்பில் "அண்ணா நாளை நான் வேலை லீவு நீ வீடு வா" என்று எழுதுவார். இதைப் பார்த்து அறிவு குறைவு என்று முடிவுகட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் அவருக்கு இரண்டாவது மொழி, அதுவும் காதால் ஒரு முறைகூடக் கேட்காமல் கற்ற மொழி. வேறொரு மொழியை வெறும் எழுத்தை வைத்தே நாம் கற்றிருந்தால் எப்படி எழுதுவோம்?

அவர்கள் கூட்டத்தில் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. சைகைப் பெயர் வைப்பார்கள். நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள்தான் தர வேண்டும். எனக்கு வைத்திருப்பது, நடுவிரலால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிடுவது. நான் அப்படி ஓயாமல் செய்கிறேன் என்பதே அதற்கு முன் எனக்குத் தெரியாது.

'உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வானே?'

கொஞ்சம்தான் புரியும். கண்ணாடி முன் நின்று குரல் வராமல் 'படம்' என்று சொல்லுங்கள், அப்புறம் 'மடம்' என்று சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். 'பாட்டு', 'மாட்டு' அப்படித்தான். 'க' அடிநாக்கில் பிறக்கிறது, உதட்டுக்கு வருவதே இல்லை. இதில் மீசை உதட்டை மூடியிருந்தால் அவ்வளவுதான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டு. கத்திப் பேசினால் உதடு கோணும், அதனால் இன்னும் புரியாது. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, சாதாரண வேகத்தில், முழு வாக்கியமாகப் பேசுங்கள். கரன்ட் போனால் பார்வை இல்லாதவனோடு பேச்சு தொடரும், காது கேளாதவளோடு நின்றுபோகும். செல்போன் டார்ச்சை எடுத்து முகத்துக்கும் கைக்கும் அடித்துக்கொண்டால் சரி.

காது மிஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது மூக்குக் கண்ணாடி மாதிரி மாட்டியதும் எல்லாம் சரியாவது கிடையாது. எல்லா ஒலியையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். அமைதியான அறையில் ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில் பேசினால்தான் நன்றாக உதவும். கன்டெய்னர் லாரி ஓடும் சாலை ஓரத்தில் நின்று 'மிஷின் போட்டிருக்கியே, கேக்கலையா?' என்று கேட்டால் பாவம், அந்தப் பிள்ளை என்ன சொல்லும்? நம் ஊர் வியர்வையும் கடல்காற்றும் அதற்கு எமன். ராத்திரியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். காதுக்குள் வைக்கும் அச்சு, பிள்ளை வளர வளரத் தளர்ந்து கீச்சென்று கத்தும். அப்போது புதிதாக அச்சு எடுக்க வேண்டும். மிஷினைக் கழற்றி எறிகிறான் என்றால் அது அடமாக இருக்காது, அச்சாக இருக்கும். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை உண்டு. அதை முடிவு செய்வது டாக்டரும் பெற்றோரும். அப்படி ஒன்று இருக்கிறது என்று காலாகாலத்தில் சொல்லிவிடுவது நம் வேலை.

பார்வையும் ஒரே மாதிரி இல்லை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் பார்வை 3/60க்குக் குறைவாக இருந்தால் பார்வையின்மை. அதாவது மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை இவர் 3 மீட்டரில் நின்றால்கூடப் பார்க்க முடியாது. ஆனால் அப்போதும் வெளிச்சமோ நிழலோ கொஞ்சம் தெரியலாம். முழு இருட்டில் இருப்பவர்கள் குறைவு. சிலருக்கு நடுவில் மட்டும், குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரியும். பகலில் பந்தை உதைப்பான், சாயங்காலம் ஆறு மணிக்குப் படியில் தடுக்கி விழுவான். போனில் சின்ன எழுத்தைப் படிப்பான், எதிரே நிற்கும் பைக்கில் மோதுவான். 'நடிக்கிறான்' என்று தெருவே சொல்லும். நடிக்கவில்லை. எது தெரிகிறது, எந்த வெளிச்சத்தில் தெரிகிறது என்று அவனிடமே கேளுங்கள். முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

நடக்கும்போது அவன் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவன் பிடித்துக்கொள்ளட்டும், அரை அடி பின்னால் வரட்டும். உங்கள் உடம்பு திரும்புவது அவனுக்குத் தானாகத் தெரியும். படி வந்தால் ஒரு நொடி நின்று 'ஏறணும்' அல்லது 'இறங்கணும்' என்று சொன்னால் போதும். 'இதோ', 'அங்கே', 'அந்தப் பக்கம்' ஆகிய மூன்று வார்த்தைகளை நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தட்டில் சோறு ஆறு மணிப் பக்கம், பொரியல் மூன்று மணிப் பக்கம், அப்பளம் பன்னிரண்டில் என்று கடிகார முள்ளை வைத்துச் சொல்லலாம். அறையை விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் போனது தெரியாமல் காற்றோடு பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு அவமானம் என்று அந்தப் பையன் ஒருமுறை என்னிடம் கோபித்துக்கொண்டான். தப்பு என்னுடையது.

பிரெய்லை நீங்கள் விரலால் படிக்க வேண்டியதில்லை, கண்ணால் தெரிந்துகொண்டால் போதும். ஆறு புள்ளிகள், 64 அமைப்புகள். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வந்த பாரதி பிரெய்லில்தான் தமிழும் இருக்கிறது. ஒலியை வைத்து அமைத்ததால் நம் 'க'வும் ஆங்கில 'கே'யும் ஒரே புள்ளிகள். 'கெ' என்று எழுத, கொம்பு முன்னால் வராது, க-வுக்குப் பின்னால் எ வரும். பாட்டி காலத்துத் தமிழ் எழுத்தைவிட இது ஒழுங்கு என்று எனக்குத் தோன்றும். இப்போது பாதி வேலையை போன் செய்துவிடுகிறது. ஆன்ட்ராய்டில் டாக்பேக், கம்ப்யூட்டரில் இலவசமான என்விடிஏ, இரண்டும் திரையில் உள்ள தமிழை உரக்கப் படித்துக்காட்டும். பழகிய பிள்ளைகள் வைக்கும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனாலும் பிரெய்லை விட்டுவிடாதே என்றுதான் சொல்வேன். கேட்டே படித்தால் எழுத்துக்கூட்டு வராது.

நூறா, இருநூறா?

மீனுக்கு அடுத்து நானும் அந்தப் பையனும் எடுத்துக்கொண்டது பணம். கடைக்கு அனுப்பினால் அவன் அம்மா சரியான சில்லறையை எண்ணிக் கையில் கொடுத்துவிடுவார். அன்புதான். ஆனால் மீதி வாங்கி எண்ணிப் பார்த்ததே இல்லை அவன்.

இப்போதுள்ள நோட்டுகளில் 50 முதல் 500 வரை அகலம் எல்லாம் ஒன்று, 66 மில்லிமீட்டர். நீளம்தான் மாறும்: ஐம்பது 135, நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. நூறுக்கும் இருநூறுக்கும் நடுவே வெறும் 4 மில்லிமீட்டர். நூறில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் மேடாக அச்சிட்டிருக்கும். புது நோட்டில் விரலுக்குத் தெரியும், மீன் மார்க்கெட் ஈரத்தில் நாலு கை மாறிய நோட்டில் ஒன்றும் தெரியாது. ரிசர்வ் வங்கியின் 'மணி' என்ற செயலி, 2020இல் வந்தது, கேமராவில் காட்டினால் எந்த நோட்டு என்று சொல்லும். கூட்டத்தில் போனை வெளியே எடுக்கப் பயம் என்றால்?

நான் ஒரு வழி சொன்னேன்: ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நோட்டைச் செருகி, மறுமுனை உள்ளங்கையில் எங்கே முடிகிறது என்று பார். அவன் இரண்டு வாரம் முயற்சி செய்துவிட்டு வேறு வழி கண்டுபிடித்தான். நூறை ஒரு மடிப்பு, இருநூறை இரண்டு மடிப்பு, ஐந்நூறை நீளவாக்கில் மடித்துத் தனிப் பையில். கொடுக்கும்போது வாயால் சொல்வது: "இருநூறு தர்றேன், அறுபது போக நூத்திநாப்பது தாங்க." சத்தமாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர்களும் சாட்சி. இது என் மூளையில் உதித்தது இல்லை. வழிகாட்டிக்கு இதைவிட நல்ல நாள் வராது.

முதல் தடவை கடையில் இருபது ரூபாய் குறைவாக வாங்கி வந்தான். நான் தெருமுனையில்தான் நின்றிருந்தேன், போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கை துறுதுறுத்தது, உண்மைதான். அடுத்த நாள் அவனே போய்க் கேட்டான், கடைக்காரர் கொடுத்துவிட்டார்.

அவர்களைப் போன்ற பெரியவர்கள்

அந்தத் தண்டையார்பேட்டைப் பெண் சின்ன வயதில், தான் பெரியவளானதும் காது கேட்க ஆரம்பித்துவிடும் என்று நம்பியிருந்தாளாம். ஏனென்றால் காது கேளாத பெரியவர் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் அறிந்த பெரியவர்கள் எல்லோருக்கும் காது கேட்டது. உலகமெங்கும் காது கேளாத பிள்ளைகள் பலர் இதையே சொல்கிறார்கள். காது கேளாத தையல்காரர் ஒருவரை அறிமுகப்படுத்தியபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?"

ஆகவே உங்களால் செய்ய முடிகிற மிகப் பெரிய உதவி, உங்களைவிடப் பொருத்தமான ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவதாகக்கூட இருக்கலாம். செய்தித்தாளில் வருபவர்களும் உதவுவார்கள்: முழுப் பார்வையின்மையோடு 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த சென்னைப் பெண் பெனோ செஃபின், காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பாட்மின்டனில் தங்கம் வாங்கிய மதுரை ஜெர்லின் அனிகா. ஆனால் பக்கத்துத் தெருவில் தையல் மிஷின் மிதிக்கும் அண்ணன் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்டே இருப்பவர்.

தொடங்குமுன் சில காரியங்கள்

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், குறைந்தது ஒரு வருஷம். இது முடியாதென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல். பாதியில் காணாமல் போகிறவர் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு 'அப்புறம் சொல்றேன்' ஆகிவிடுவார். தனியாக இறங்காமல் ஓர் அமைப்பு அல்லது பள்ளி வழியாகப் போங்கள். உங்களைப் பற்றி விசாரிப்பார்கள். விசாரிக்காத இடம் சரியில்லாத இடம். பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் சந்தியுங்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பார்வை இல்லாத பிள்ளையை ஆளாளுக்குக் கேட்காமல் பிடித்து இழுத்துப் பழக்கியிருப்பார்கள். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று அது முதலில் உங்களிடம்தான் கற்க வேண்டும். தப்பாக ஏதாவது நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

காகித விஷயங்களையும் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால் அரசு வேலையில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில் பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று. உயர்கல்வியில் 5 சதவீத இடம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், காது கேளாதோருக்கு ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் இவை தானாக வராது. முன்னதாகவே பள்ளி வழியாக விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். பரீட்சைக்கு முந்தின வாரம் ஓடுவதில் பயனில்லை. விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். அவனை நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், நேரம் மூன்று மடங்கு ஆனாலும்.

பையனுக்கு இப்போது பதினான்கு. போன மாதம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோவில் போனோம். ஸ்டேஷனில் தரையில் பதித்திருக்கும் மேடு கோட்டைக் கோலால் தொட்டுக்கொண்டு அவன் முன்னால் நடக்க, நான் பின்னால். வெளியே வந்ததும் அந்தக் கோடு முடிந்துவிடுகிறது, நடைபாதையில் பைக் நிற்கிறது. அதைப் பற்றிக் கோபமாகப் பேசிக்கொண்டே வந்தோம். திரும்பும்போது கேட்டான்: "ண்ணா, படகு எஞ்சின்ல அந்தத் தடதட சத்தம் எங்கேர்ந்து வருது? தொட்டுப் பாக்க முடியுமா?" படகுக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எஞ்சின் ஆறின பிறகு வரச் சொன்னார்.